சிராய்ப்பே இல்லாத பைக் விபத்து

எமர்ஜென்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கு, அதே வேலையைப் பார்த்து முடித்துவிட்டு இப்போது வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் ஒருத்தி எழுதுவது. போன வாரம் உங்களில் ஒருவர் போனில் என்னைக் கேட்டார்: "மேடம், வயித்து ஸ்கேன் கிளீனா இருக்கு, பேஷண்ட் நல்லாப் பேசுறார். அப்புறம் எதுக்கு வார்டுல வெச்சிருக்கணும்?" நல்ல கேள்வி. ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஒரு வரியில் சொன்னால் சாயங்காலத்துக்குள் மறந்துவிடுவீர்கள். அதனால் ஒரு பைக் விபத்தின் கதையாகச் சொல்கிறேன்.

இதில் தற்பெருமை இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வேலையில் நான் கெட்டிக்காரி. அதை அடக்கத்தோடு மறைத்துச் சொல்லும் வயதைத் தாண்டியாயிற்று.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது எங்கள் மருத்துவமனை. பாதிப் பேரை லாரியும் பைக்கும் அனுப்பி வைக்கும், மீதிப் பேரைக் கம்பெனிகளின் பிரஸ் மெஷினும் கிரேனும் அனுப்பி வைக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் "எங்கே வலிக்குது" என்று கேட்க வார்டில் எல்லோருக்கும் தெரியும். நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். பொய் மட்டும் மூன்று மொழியிலும் ஒரே மாதிரி முகத்தோடுதான் வரும்.

அடிபட்டவர் வயிற்றில் ஸ்கேன் எதற்கு வைக்கிறோம் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப் போவதில்லை. உள்ளே ரத்தம் கசிந்து தேங்கினால் திரையில் கறுப்பாகத் தெரியும். தெரியவில்லை என்றால் ரத்தம் இல்லை என்று அர்த்தமா? இல்லை. தெரிகிற அளவுக்கு இன்னும் சேரவில்லை என்பதும் ஓர் அர்த்தம். நான் படித்த காலத்தில் சர்ஜரி யூனிட் சீஃப் ஒருவர் இருந்தார். வாயில் எப்போதும் கிராம்பு. "ஸ்கேன் இந்த நிமிஷத்துக்குத்தாம்மா பதில் சொல்லும். அடுத்த நிமிஷத்துக்கு அது ஜாமீன் இல்ல" என்பார். அவர் சொன்னதில் பாதி எனக்கு மறந்துவிட்டது, இது மறக்கவில்லை.

பொங்கல் முடிந்து மாசி பிறந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். முனிராஜ் என்ற இளைஞனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஆபரேட்டர். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். லீவில் ஊருக்கு வந்தவன், வளைவில் பைக் சறுக்கி விழுந்துவிட்டான் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். பேசியதெல்லாம் அவன் மனைவியின் அண்ணன் மாதப்பன்தான். நல்ல உயரம், முறுக்கிய மீசை, வெள்ளை வேட்டி. மற்றவர் வாயைத் திறக்கவே இல்லை.

அன்றைக்கு டியூட்டியில் இருந்தவர் டாக்டர் தினேஷ். மதுரைக்காரர், கை வேகமானவர். வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார், கிளீன். ரத்த அழுத்தம் சரியாக இருந்தது. நாடி கொஞ்சம் வேகம், அது வலியில் யாருக்கும் இருப்பதுதான். முனிராஜ் வயிற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இடது தோள் வலிக்கிறது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். பைக்கிலிருந்து விழுந்தவனுக்குத் தோள் வலித்தால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? தோளுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை. தினேஷ் செய்தது எதிலும் தப்புச் சொல்ல முடியாது. சொன்ன கதைக்கு அது சரியான வைத்தியம்.

நான் உள்ளே போனபோது முனிராஜின் கழுத்தில் கைத்தூளி மாட்டிக்கொண்டிருந்தார்கள். மாதப்பன் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். தாலி கட்டும் நேரத்தில் வழியில் மாட்டிக்கொண்ட மாப்பிள்ளைத் தோழன் மாதிரி அவருக்கு அப்படி ஓர் அவசரம்.

"மாத்திரை எழுதிக் குடுத்தீங்கன்னா நாங்க பொறப்பட்டுக்கிறமுங்க மேடம். சாயங்காலம் ஊர்ல ஒரு வேலை இருக்குது."

"நானும் ஒருதரம் பார்த்துடறேன்" என்று ஸ்கேன் வைத்தேன். எனக்கும் கிளீன். இதைக் கவனியுங்கள். தினேஷுக்குத் தெரியாத கறுப்பு என் கைக்குத் தெரிந்தது என்று கதை கட்டலாம், கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு ஆளைப் பார்த்தேன்.

இடது தோளைப் பிடித்துத் தூக்கினேன், சுழற்றினேன். அவன் முகம் கூடச் சுளிக்கவில்லை. வலிக்கும் தோள் இப்படி வளைந்து கொடுக்காது. பிறகு கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தேன். அடுத்த கையையும் பார்த்தேன். முழங்கையைப் பார்த்தேன். முட்டியைப் பார்த்தேன். எங்கேயும் ஒரு சிராய்ப்பு இல்லை. இந்த நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்த எத்தனையோ பேரின் உள்ளங்கையிலிருந்து நான் ஜல்லிப் பொடி எடுத்திருக்கிறேன். விழுகிறவன் கையைத்தான் முதலில் ஊன்றுவான். இவன் கை, சாப்பிட உட்காருகிறவன் கை மாதிரி சுத்தமாக இருந்தது. சட்டையைத் தூக்கினால் இடது விலாவுக்குக் கீழே மட்டும் தேங்காய் மூடி அளவுக்குத் தோல் சிவந்திருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் மாசி மாதம் என்றால் எருது விடும் விழா. காளையின் கொம்பில் அலங்காரத் தட்டி கட்டித் தெருவில் ஓட விடுவார்கள். தட்டியைப் பறிக்க இளவட்டங்கள் பாய்வார்கள். அதில் அடிபடுகிறவர்களும் உண்டு. ஆனால் எங்கள் மருத்துவமனைக்கு வந்தவர்களில் மாடு முட்டியது என்று வாயைத் திறந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. மாடு என்று சொன்னால் போலீஸ் வரும், அடுத்த வருடம் விழாவுக்கு அனுமதி கிடைக்காது, காளைக்குக் கெட்ட பெயர். அதனால் ஊரே சேர்ந்து ஒரு வழக்கம் வைத்திருந்தது. குடல் சரிந்தால் தவிர, எல்லாம் பைக்கில் விழுந்ததுதான். மாசி மாதத்தில் எங்கள் ஊர்ப் பைக்குகள் அத்தனை சறுக்கும்.

ஆனால் இந்தப் பொய்யில் ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. தோளில் அடிபடாமல் இடது தோள் வலிக்கிறது என்றால், மண்ணீரலைச் சந்தேகப்பட வேண்டும். அது கிழிந்து ரத்தம் மேலே உதரவிதானத்தை உரசும்போது வலி தோளில் போய்த் தெரியும். நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், தினேஷும் படித்தவர்தான். பைக் என்று சொன்னதால் அந்தத் தோள்வலிக்கு வேறு முகவரி கிடைத்துவிட்டது. இவர்கள் இப்போது கிளம்பினால், கிருஷ்ணகிரிப் பஸ் ஸ்டாண்டு தாண்டுவதற்குள் இவன் சுருண்டு விழுவான்.

"இவரை அனுப்ப முடியாது. இன்னிக்கு இங்கேதான் இருக்கணும்" என்றேன்.

மாதப்பனுக்கு மீசை துடித்தது. "எதுக்குங்க? அதான் ஸ்கேனு ரெண்டு தபா பாத்தாச்சில்ல? ஒண்ணுமில்லன்னு நீங்களேதான சொன்னீங்க? கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறனுங்க."

அந்த நேரம் முனிராஜின் மனைவி செல்வி வந்து சேர்ந்தாள். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. ஷிப்டு உடையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு மூச்சிரைக்க வந்து நின்றாள். அவளுக்கும் பைக் என்றுதான் போனில் சொல்லியிருந்தார்கள். அவள் வந்ததும் மாதப்பன் இன்னும் விறைத்துக்கொண்டார். தங்கை முன்னால் அந்தப் பேச்சை எடுக்கவே முடியாது அவரால்.

இங்கேதான் உங்களில் பலர் தடுமாறுவீர்கள். "உண்மையைச் சொல்லுங்க, உயிருக்கு ஆபத்து" என்று மிரட்டுவீர்கள். மிரட்டினால் இன்னும் இறுக்கிக்கொள்வார்கள். போலீஸ் என்று சொன்னால் பேஷண்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான் அவருடைய மீசையைப் பார்த்தேன். அந்த மீசைதான் எனக்கு வழி காட்டியது.

"சரி விடுங்க" என்றேன், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "இதுல பயப்பட என்ன இருக்கு? ஏதோ ஓட முடியாத கிழட்டு மாடு, போற போக்குல லேசா உரசிட்டுப் போயிருக்கும்."

"கிழட்டு மாடா?" மாதப்பன் ஓரடி முன்னால் வந்துவிட்டார். "மேடம், இந்த ஜில்லாவுல அதும் முன்னாடி நிக்கிறதுக்கு ஒரு மாடு காட்டுங்க பாக்கலாம்! தலைய ஒரு சிலுப்பு சிலுப்பிச்சுன்னா..."

அங்கே நின்றுவிட்டார். தினேஷ் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று கவலை.

செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. "மாடா? அண்ணா, மாடா முட்டுச்சு? நம்ம மாடா?"

கட்டிலிலிருந்து முனிராஜ்தான் பேசினான். "மச்சான் மேல தப்பு இல்ல செல்வி. நாந்தான் தட்டியப் புடுங்கலாம்னு குறுக்கப் பூந்துட்டேன்."

"கம்பெனிக்குக் காச்சல்னு சொல்லி லீவு. ஆஸ்பத்திரிக்குப் பைக்குன்னு சொல்லி ஸ்கேனு. எனக்குந்தான் எதாச்சும் ஒண்ணு சொல்லி வெச்சிருப்பீங்க, நீ செத்திருந்தா!" என்றவள், அண்ணன் பக்கம் திரும்பினாள். "உனக்கு மாட்டுப் பேரு பெருசாப் போச்சு. என் தாலி பெருசா இல்ல. இல்லியா?"

அந்தப் பெரிய மனிதர் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, அந்த நிமிடம் பாவமாகவும் இருந்தது. தங்கை புருஷனைக் கைத்தாங்கலாகத் தூக்கிவந்தவரும் அவர்தானே. மருத்துவமனைக்கே வராமல் விட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை.

"எங்க முட்டுச்சு? எப்படி முட்டுச்சு?" என்று கேட்டேன். இப்போது எல்லாம் வந்தது. கொம்பு நுனி குத்தவில்லை, கொம்பின் வளைவு இடது விலாவுக்குக் கீழே அடித்து, சுவரோடு சேர்த்து அழுத்தியிருக்கிறது. வெளியே காயமில்லாமல் உள்ளே நசுக்க அதைவிட வேறென்ன வேண்டும்.

சர்ஜனைக் கூப்பிட்டோம். எங்கள் சர்ஜன் நல்லவர், கோபக்காரர், இரண்டும் ஒரே நேரத்தில். "ஸ்கேன் கிளீன், பிரஷர் நார்மல். முதல்ல சி.டி. எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்றார். முறையாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் எங்களிடம் அப்போது சி.டி. மெஷின் கிடையாது. ஆம்புலன்ஸில் டவுனுக்குள் அனுப்பி எடுத்து வரவேண்டும். ஸ்ட்ரெச்சர் வந்தது. கட்டிலிலிருந்து முனிராஜை மாற்றப் போனார்கள்.

"நில்லுங்க" என்றேன். "நகர்த்தறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை."

தினேஷ் உடனே ஸ்கேன் ப்ரோபை எடுத்தார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். இரண்டு தரம் கிளீன் என்று பார்த்த வயிற்றில் மூன்றாம் தரம் வைப்பதற்கு, தன் முதல் பதிலை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். இடது பக்கம் வைத்து மெல்லச் சாய்த்தார். மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. மை தீட்டியது போல மெல்லிசாக. சற்று முன் இருவரும் பார்த்தபோது அது அங்கே இல்லை.

"மேடம், இருக்கு" என்றார் தினேஷ். அதே நேரத்தில் சிஸ்டர் பிரஷர் இறங்குகிறது என்றார்.

சி.டி.க்கு அனுப்பியிருந்தால், அந்த ஆம்புலன்ஸுக்குள், ஒரு டிரைவரும் ஓர் உதவியாளரும் மட்டும் கூட இருக்கும்போது அவன் பிரஷர் விழுந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சில்லிடும். கூடவே நெஞ்சும் நிமிரும், பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்து, எங்கள் ஊருக்கே உரிய அந்த வார்த்தை வந்தது. "பெங்களூரு கொண்டுபோயிர்லாங்க. வெளிய ஆம்புலன்சு நிக்குது." அதுவரை வாயே திறக்காத மற்றவர்தான் சொன்னார். எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெரிய வியாதி என்றால் பெங்களூரு. அது நம்பிக்கை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரத்தம் போய்க்கொண்டிருக்கும் வயிறு நம்பிக்கைக்காகக் காத்திருக்காது. சர்ஜன் இருக்கிறார், மயக்கம் கொடுப்பவர் இருக்கிறார், தியேட்டர் இருக்கிறது. இங்கேயே திறக்கலாம் என்று செல்வியிடம் சொன்னேன்.

அவள் ஒரு கணம்தான் யோசித்தாள். "பெங்களூரு போற அத்திப்பள்ளி ரோட்டுல டெய்லி கம்பெனி பஸ்ஸுல போறவ நானு. ஞாயித்துக்கெளம சாயங்காலம் அந்த டிராபிக்கு எனக்குத் தெரியும். இவரு அதத் தாண்ட மாட்டாரு. இங்கியே பண்ணிருங்க மேடம்." காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ரத்தம் வேண்டும் என்றோம். மாதப்பன் வெளியே போய் ஒரு போன் செய்தார். சற்று நேரத்தில் ஒரு டெம்போ நிறைய விழாக் கமிட்டியே வந்து இறங்கியது. நெற்றியில் குங்குமம், சட்டையில் மஞ்சள், கழுத்தில் துண்டு. பைக் விபத்து என்ற பொய்யை ஊரறியச் சட்டையிலேயே அழித்துவிட்டு வந்து நின்றார்கள். ரத்த வங்கிக்காரர், வாயை ஊதச் சொல்லிப் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார். மீதிப் பேர் வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக மாதப்பன்.

சர்ஜன் திறந்தபோது மண்ணீரல் கிழிந்திருந்தது. எடுத்துவிட வேண்டியதாயிற்று. முனிராஜ் பிழைத்தான். அது எனக்குப் பெருமை. சர்ஜனின் கைக்குப் பெருமை, தினேஷின் மூன்றாவது ஸ்கேனுக்குப் பெருமை, அந்த வார்டில் அன்றைக்கு நின்ற எல்லோருக்கும் பெருமை. இதைப் பங்கு போட்டுக்கொடுப்பதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. அடுத்த நாள் மாதப்பன் என் அறைக்கு வந்தார். போலீஸுக்கு அனுப்பும் தகவலில் என்ன எழுதப் போகிறேன் என்பதுதான் அவர் கவலை.

"உங்க புண்ணியத்துல உசுரு வந்திருச்சு. பைக்குன்னே எழுதிருங்க மேடம். ஊரு வழக்கம் நின்னு போயிரும். எம் பேச்ச நம்பித்தான் அத்தன பேரும் வந்து ரத்தம் குடுத்தாங்க."

"பைக்குன்னு எழுதினா போலீஸ் வந்து பைக்கைக் காட்டச் சொல்லுவாங்க மாதப்பன். எந்தப் பைக்கைக் காட்டுவீங்க? கொம்பு வெச்ச பைக்கா?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் அது சுலபமாக இல்லை. எழுதினால் ஊர் என்னைத் திட்டும் என்று தெரியும். எழுதாவிட்டால் அடுத்த மாசியிலும் அந்த ஊரிலிருந்து ஒருவன் பைக்கில் விழுந்து வருவான். அவன் உள்ளங்கையை யாரும் திருப்பிப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும்? மாடு முட்டியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வருடம் அந்த ஊரில் விழா நடக்கவில்லை. என்னைத் திட்டாத வாய் அங்கே இல்லை என்று கேள்விப்பட்டேன். கிருஷ்ணகிரிப் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் எனக்கு டிக்கெட் கொடுக்க மாட்டார் என்று தினேஷ் கேலி செய்வார். அந்த வருடம் முழுக்க செல்வி மட்டும் தன் கணவனைப் பரிசோதனைக்குத் தவறாமல் கூட்டிவந்தாள். அண்ணனோடு பேசுகிறாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வருடம் தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, முறையாக அனுமதி வாங்கினார்கள். விழாவுக்கு முன்னால் மாதப்பனே கமிட்டியோடு வந்து, ஸ்கேன் மெஷினோடு நான் அங்கே வந்து உட்கார வேண்டும் என்று கேட்டார். அந்த மெஷின் மருத்துவமனை வாசலைத் தாண்டக் கூடாது, கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் அப்படி. "மெஷின் வராது. அடிபட்டா உடனே இங்கே கொண்டு வாங்க. நடந்ததை நடந்த மாதிரி சொல்லுங்க. பாதி ஸ்கேன் அதுதான்" என்று அனுப்பிவிட்டேன். நான் ஓய்வு பெற இன்னும் சில மாதங்களே இருந்தன.

விழா நாளன்று மதியம் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. ஸ்ட்ரெச்சர் இறங்குவதற்கு முன்பே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாதப்பன் உள்ளே ஓடி வந்தார். வார்டு முழுக்க ஆட்கள். எந்த ஊர், யார் எவர் என்று தெரியாதவர்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை.

"மேடம்! மாடு முட்டிருச்சு. வலது பக்கம், விலாவுக்குக் கீழ. தரையில உழுந்துட்டான், மாடு மேல மிதிக்கல. எம் மாடுதான் மேடம்."

தினேஷ் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். முதல் ஸ்கேன் கிளீனாக இருந்தது. வீட்டுக்குப் போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. மாதப்பன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அடுத்த ஸ்கேனு எப்பங்க மேடம்?" என்றார்.